மன்னிப்புக் கேட்டதற்கு நன்றி

யூனியன் சேர்மன் சுருளிராஜனின் முகத்தை அவர் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இடது கன்னத்து மருவை எடுக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே தொங்கும் பையைத் தட்டையாக்க வேண்டும். முன்மண்டையில் இல்லாத முடியைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டும். நிறத்தை நன்றாகத் தூக்கிவிட வேண்டும். உத்தமபாளையத்தில் அப்துல் அஜீஸ் பாயின் ஃபிளெக்ஸ் கடையில் நான்தான் டிசைனர். சேர்மன் பிறந்தநாள், அவர் தலைவர் பிறந்தநாள், அவர் மகன் கல்யாணம், அவர் யாருக்கோ இரங்கல் தெரிவிப்பது எல்லாமே என் கம்ப்யூட்டரில்தான் பிறந்தன. அந்த முகத்தை அழகாக்கித்தான் நான் சம்பளம் வாங்கினேன். அந்த முகத்தில் இருக்கிற வாய்தான் என் அம்மாவைக் கொன்றது. அம்மா உயிரோடுதான் இருக்கிறாள். ஆனாலும் அதற்கு வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அம்மா பெயர் மொக்கம்மாள். தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற நாவலோடைப்பட்டி எங்கள் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஏலத்தோட்டத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்து அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு அம்மாவுக்கு இரண்டே பெருமைகள். ஒன்று அவள் கைப்பக்குவம், இன்னொன்று நான். வரிசை அதுதான், மாற்றிச் சொல்லவில்லை. ஊரில் கிடா வெட்டு, காதுகுத்து எதுவானாலும், “மொக்கம்மா வந்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பில் தீ வைப்பார்கள். உப்புப் பார்க்க அவள் உள்ளங்கையில் ஊற்றி நக்கும் ஒரு சொட்டுக் குழம்புக்காகப் பந்தியே காத்திருக்கும்.

ஒருநாள் மதியம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். ஆம்புலன்ஸ், ஆட்டோ, பால் வண்டி என்று கிடைத்ததில் எல்லாம் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நல்லவேளை, எல்லாப் பிள்ளைகளும் மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டன. ஆனால் அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் பெற்றவர்கள் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. சேர்மன் ஜீப்பில் வந்து இறங்கினார். யாரோ மைக்கைக் கொடுத்தார்கள். மைக்கைக் கண்டால் அவருக்குக் கை தானாக நீளும்.

“நான் விசாரிச்சிட்டேன். சமையல்காரி மொக்கம்மா நல்ல முட்டைய முந்தானையில கட்டிக்கிட்டு வீட்டுக்குக் கொண்டு போயிட்டு, அழுகுன முட்டைய நம்ம பிள்ளைகளுக்கு அவிச்சுப் போட்டிருக்கா. அவ கைச்சோறு சோறு இல்ல, வெசம். இனி அவ கை நம்ம பிள்ளைக தட்டுல படாது. இது என் வாக்கு.”

கூட்டம் கைதட்டியது. எதிர்வீட்டுப் பஞ்சம்மாளின் பேரனும் உள்ளே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தான். அவள் மண்ணை வாரித் தூற்றி, என் அம்மாவின் பெயரைச் சொல்லிச் சாபமிட்டாள். இதெல்லாம் வீடியோவாக வந்தது. நான் கடையில், அவருடைய கட்சிக்கூட்ட பேனரைச் செய்துகொண்டே அதைப் பார்த்தேன்.

பரிசோதனை முடிவு வந்தபோது சோற்றிலும் ஒன்றுமில்லை, முட்டையிலும் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டியைக் கழுவிய ஆள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு, அலசி விடாமலேயே தண்ணீரை நிரப்பிவிட்டான். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுக் குழாயில் வாய் வைத்துக் குடித்திருக்கிறார்கள். தொட்டி கழுவும் காண்ட்ராக்ட் யாருடையது என்றால், சேர்மனின் மச்சினனுடையது. பழைய தொட்டியைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டுப் புதுத் தொட்டி வைத்தார்கள். அம்மாவைச் சத்தமில்லாமல் மறுபடி வேலைக்குச் சேர்த்தார்கள். பழி மட்டும்தான் மைக்கில் சொல்லப்பட்டது. மற்றதெல்லாம் வாய்க்குள்ளேயே முடிந்தது.

அம்மா திரும்பப் போய் அடுப்பு மூட்டினாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தார்கள். வடித்த சோறு அப்படியே ஆறிப்போனது. “தொட்டித் தண்ணிதேன் காரணமாம்” என்று அம்மா நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். பழி சுமந்தவள் சொல்வதை யார் காதில் வாங்குவார்கள்? சேர்மனே சொன்னாரே என்றார்கள். அடுத்து வந்த கிடா வெட்டில், “நீங்க உக்காருங்கக்கா, நாங்க பாத்துக்கிறோம்” என்று அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவ்வளவு மரியாதையை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தூரத்தில் எரியும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதையும் தாங்கிக்கொண்டோம். தாங்க முடியாதது மாமா வீட்டில் நடந்தது. அம்மாவின் தம்பி மகள் கயல் பெரிய மனுஷியானாள். அத்தைக்காரி உளுந்தங்களி கிண்டிக்கொண்டு போக வேண்டும், அதுதான் முறை. அம்மா உளுந்தை வறுத்து, திரித்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கிண்டித் தூக்குச்சட்டியில் கொண்டு போனாள். மாமன் பொண்டாட்டி அனுசுயா சிரித்த முகத்தோடு வாங்கி, “பிள்ளைக்குப் பெறகு குடுக்குறேன் மதினி” என்று உள்ளே கொண்டு போனாள். நான் கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். மாட்டுக்குக் கழனித்தண்ணீர் ஊற்றும் குளுதாடியில் களி மிதந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் அம்மா நிற்கிறாள்.

அவள் அழவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, “உளுந்து நல்லா செவக்க வறுத்திருந்தேன்” என்று மட்டும் சொன்னாள். எனக்குள் ஏதோ ஒன்று அன்றைக்கு உறைந்து கெட்டியாகிவிட்டது. நான் ஒன்றும் பூமாதேவி இல்லை. எனக்கு ஒருவரைப் பிடிக்காமல் போனால் போனதுதான். மறுநாள் காலையிலேயே சேர்மன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

முன்னறையில் மனுக்களோடு நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சேர்மனுக்குப் பக்கத்தில், எப்போதும்போல, துணைக்கு விஜய்பாண்டி நின்றான். கட்சியில் அவருக்கு அடுத்த ஆள் அவன். அவர் இருமினால் தண்ணீர் எடுத்துத் தருவான், இருமல் நீடிக்குமா என்று பார்த்துக்கொண்டே.

“அட, நம்ம ஃபிளெக்ஸ் பாப்பா. என்னாத்தா?” என்றார் சேர்மன்.

“நான் மொக்கம்மா மகள்ங்கய்யா.”

அவருக்கு அது தெரியாது. பேனர் செய்கிற பெண்ணுக்கு ஓர் ஊரும் தாயும் இருக்கும் என்று அவர் யோசித்திருக்க மாட்டார். சிரிப்பு அப்படியே நின்றது.

“அதேன் வேலையத் திருப்பிக் குடுத்தாச்சுல்ல?”

“வேலை வந்திருச்சுங்கய்யா, பேரு வரல. நீங்க மைக்குல சொன்னத மைக்குலயே தப்புன்னு சொல்லணும். எங்க ஊரு மந்தையில, சனம் கூடுற எடத்துல நின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அவர் விஜய்பாண்டி உட்பட எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது.

“இந்தா பாரு ஆத்தா. உங்கம்மா மேல தப்பில்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மச்சினன் வந்து அழுதுக்கிட்டே சொல்லிட்டான்.”

“தெரிஞ்சுமாய்யா?”

“மைக்குல பேசி முடிச்ச பெறகுதேன் தெரியும். பேசுனது பேசுனதுதேன். அதுக்காகத்தேன் யாரு தடுத்தும் கேக்காம வேலைய வாங்கிக் குடுத்தேன். வேற என்ன வேணும்? உனக்கு ஒரு கவர்மெண்டு வேலைக்குச் சொல்லவா? வீட்டுக்கு ஓடு மாத்திக் குடுக்கவா? எது வேணுமோ கேளு. அந்த ஒரு வார்த்தைய மட்டும் கேக்காத.”

“அது ஒண்ணுதேன் வேணும்.”

அவர் தன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்போல நிதானமாகப் பேசினார்.

“இந்த ஊரு தப்புப் பண்ணவன மன்னிச்சிரும் ஆத்தா. தப்புன்னு ஒத்துக்கிட்டவன மன்னிக்காது. இன்னைக்கு உங்கம்மாவுக்காக நான் தலைய குனிஞ்சேன்னு வையி, நாளைக்கு ரோடு போடாதவனுக்கு, கெணறு வத்துனவனுக்கு, மாடு செத்தவனுக்கு எல்லாருக்கும் குனியணும். அதுக்குக்கூடக் குனிஞ்சிரலாம். வெளிய நிக்கிறான் பாரு விஜய்பாண்டி, நான் எப்ப குனிவேன், என் தோள்ல கெடக்குற துண்டு எப்ப நழுவும்னு நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிறான். எதிர்க்கட்சிக்காரனுக்கு நான் பயப்படல. கூட நிக்கிறவனுக்குத்தேன்.”

அவர் சொன்னது முழுக்க நிஜம். அதுதான் எனக்கு எரிந்தது. தெரியாமல் செய்தவனைத் திட்டலாம், அடிக்கலாம், பிறகு போய்த் தொலை என்று விட்டுவிடலாம். எல்லாம் தெரிந்து, கூட்டிக் கழித்துப் பார்த்து, என் அம்மாவின் பெயரைவிடத் தன் துண்டு கனமானது என்று முடிவு செய்தவரை என்ன செய்வது? அவர் மனைவி ஒரு புதுச்சேலையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, “அம்மாவுக்குக் குடும்மா” என்றாள். சேலையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது பழிவாங்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் எடுத்த மருவை எல்லாம் திருப்பி வைத்து பேனர் அடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். அது சின்னப்பிள்ளைத்தனம். அவர் எதற்குப் பயப்படுகிறாரோ, அதையே அவருக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும்.

சித்திரை பிறந்தது. வீரபாண்டித் திருவிழாவுக்குப் பக்தர்களை வரவேற்கும் பேனர்கள் குவிந்தன. கௌமாரியம்மனைவிடச் சேர்மன்தான் பெரிதாக இருப்பார். அவர் பேனர்களை முடித்துவிட்டு, அதே அளவில் இன்னொன்று செய்தேன். அவர் தேர்தலில் ஓட்டுக் கேட்டபோது எடுத்த கைகூப்பிய படத்தை எடுத்துக்கொண்டேன். அன்றைக்குப் போல் அந்த முகத்துக்கு நான் உழைத்ததே இல்லை. கண்ணில் லேசாக ஈரம் மின்னும்படி செய்தேன். பக்கத்தில் கரண்டி பிடித்த கையோடு என் அம்மா. கீழே கொட்டை எழுத்தில் இப்படி:

“செய்யாத குற்றத்துக்குப் பழி சொல்லிவிட்டோமே என்று மனம் வருந்தி, நாவலோடைப்பட்டி சத்துணவுச் சமையலர் திருமதி மொக்கம்மாள் அவர்களிடம் மனமுவந்து மன்னிப்புக் கேட்ட மனிதநேய மாணிக்கம் அண்ணன் சுருளிராஜன் அவர்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. இவண்: பாண்டீஸ்வரி, மொக்கம்மாள் மகள்.”

அஜீஸ் பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்கிரீனைப் படித்தார். அம்மா கட்டிக்கொடுக்கும் மதியச் சோற்றில் தினமும் பாதியை வாங்கிச் சாப்பிடுகிறவர் அவர். சம்பவத்துக்குப் பிறகும் ஒருநாள்கூட நிறுத்தியதில்லை.

“இவரு எப்ப மன்னிப்புக் கேட்டாரு?”

“கேக்கல பாய்.”

“கேக்காததுக்கா நன்றி?”

“நன்றி சொன்னதுக்கு எவனாச்சும் கேஸ் போடுவானா பாய்?”

அவர் வெகுநேரம் தாடியைத் தடவினார். “போடுறதுக்கு வழி இருக்கிற மாதிரித் தெரியல. ஆனா நான் இதப் பாக்கல. நான் தொழுகைக்குப் போயிட்டேன்” என்று சொல்லிவிட்டு, தொழுகை நேரமே இல்லாத நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பேனர் கட்டுகிற ஜேசுராஜ் வந்தான். சேர்மனுக்கு எப்போதும் கட்டுகிறவன் அவன்தான். சுருட்டிக் கட்டியிருந்ததைப் பிரித்து முகத்தை மட்டும் பார்த்து அடுக்கினான். பேனர் கட்டுகிறவர்கள் யாரும் எழுத்தைப் படிப்பதில்லை. முகத்தைப் பார்த்து வண்டியில் ஏற்றி, முகத்தைப் பார்த்துக் கயிறு இழுப்பார்கள். நான் பல பிரதிகளாக அடித்து வைத்தவையும் சேர்மனின் வரவேற்பு பேனர்களோடு போய், தேவாரத்திலிருந்து வீரபாண்டி வரைக்கும் ஒன்றுவிட்டு ஒன்று ஏறிவிட்டன. எங்கள் ஊர் மந்தையில் ஒன்றும், பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஒன்றும் கட்டச் சொல்லி நானே இடம் காட்டினேன்.

அடுத்த நாள் காலையில் சேர்மனின் ஆட்களே அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். தலைவர் கைகூப்பிச் சிரிக்கிறார், மனிதநேய மாணிக்கம் என்று போட்டிருக்கிறது, வேறென்ன வேண்டும்? முழுசாகப் படித்தவன் விஜய்பாண்டி ஒருவன்தான். அவன் அதை எல்லா குரூப்புக்கும் அனுப்பினான்.

சேர்மனுக்குப் போன் மேல் போன். “பெரிய மனசுண்ணே உங்களுக்கு.” “எவன்ணே இந்தக் காலத்துல தப்ப ஒத்துக்கிறான்?” அவருக்கு என்னவென்றே முதலில் புரியவில்லை. புரிந்ததும் நேராகக் கடைக்கு வந்தார்.

“நான் எப்ப, எங்கன புள்ள மன்னிப்புக் கேட்டேன்?”

“உங்க வீட்டுலதேன்யா. கதவச் சாத்திட்டு, எங்கம்மா மேல தப்பில்லன்னு சொன்னீகள்ல. நான் அத மன்னிப்புன்னு எடுத்துக்கிட்டேன்.”

“எல்லாத்தையும் கழட்டச் சொல்லு.”

“கழட்டிரலாம்யா. கழட்டுனா, மன்னிப்புக் கேட்டுட்டு வாபஸ் வாங்கிட்டாருன்னு பேசுவாக. பரவால்லயா?”

அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். பயம். அதை நான் எந்த பேனரிலும் வைத்ததில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவர் போய் ஜீப்பில் ஏறினார்.

பேனர்கள் தொங்கின. அவரும் தொங்க விட்டார். பாராட்டு வந்தால் லேசாகத் தலையாட்டிக்கொள்ளவும் பழகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கே கவலையாகிவிட்டது. கேட்காத மன்னிப்புக்குப் பெயரையும் வாங்கிக்கொண்டு தப்பித்துவிடுவாரோ என்று. ஆனால் மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். மானியம் கிடைக்காதவர் வந்தார். சாக்கடை உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர் வந்தார். “அந்தம்மாகிட்ட கேட்டீகள்ல, எங்ககிட்டயும் கேளுங்கண்ணே” என்றார்கள். அவர் சொன்ன வரிசை அவர் வாசலில் அப்படியே வந்து நின்றது.

அப்புறம் எங்கள் ஊர் மந்தையில் நீர்மோர்ப் பந்தல் திறப்புவிழா. வெயில் மண்டையைப் பிளந்தது. தென்னங்கீற்றுப் பந்தல், மண்பானைகள், வெள்ளரிக்காய், தர்பூசணி, மைக்செட். அம்மா வரவில்லை. நான் கூட்டத்தோடு நின்றேன். பெண்கள்தான் அதிகம், பஞ்சம்மாள் முன்வரிசையில் நின்றாள். சேர்மன் கரண்டியால் மோர் எடுத்து டம்ளர்களில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். அப்போது விஜய்பாண்டி மைக்கைப் பிடித்தான்.

“இந்த மந்தையிலதேன் அண்ணன் பேனரு இருக்கு, பாருங்க. தான் செஞ்ச தப்ப ஒத்துக்கிட்டு, ஒரு ஏழைத் தாய்கிட்ட மன்னிப்புக் கேட்ட ஒரே தலைவர் நம்ம அண்ணன். தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ல ஒரு தைரியம் வேணும். அண்ணன் தப்புப் பண்ணாரு, ஒத்துக்கிட்டாரு...”

தப்பு என்ற சொல்லை அவன் அழுத்தி அழுத்திச் சொன்னான். சேர்மன் கரண்டியைப் பானைக்குள் போட்டுவிட்டு, விஜய்பாண்டியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“நிறுத்துலே. நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கல. கேக்கவும் மாட்டேன். யாரோ ஒரு சில்லறைக் கழுத கட்டுன பேனரு அது. எதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்? அந்தம்மா மேல தப்பில்ல, சரி. சோத்துல ஒண்ணுமில்ல, சரி. தொட்டியக் கழுவுனவன் மருந்த அலசாம விட்டான். அதுக்கு நானா பொறுப்பு? நானா தொட்டிக்குள்ள எறங்குனேன்?”

மைக் அதைச் சுத்தமாகச் சொன்னது. மந்தைக்கும், மந்தை தாண்டித் தெருவுக்கும், தெரு தாண்டித் தோப்புக்கும் சொன்னது. எங்கள் வீட்டு அடுப்படிக்கும் கேட்டதாக அம்மா பிறகு சொன்னாள். வீடு தேடிப் போய்க் கேட்டும் வராத வார்த்தை, மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று அடம்பிடித்ததில் தானாக வந்து விழுந்தது.

பஞ்சம்மாள் கையில் டம்ளரோடு கேட்டாள்.

“எந்தத் தொட்டி?”

சேர்மன் மைக்கை வாயிலிருந்து இறக்கினார்.

“பள்ளிக்கூடத்துத் தொட்டியா? அதக் கழுவுனது உங்க மச்சினன் ஆளுகதான? அப்ப எங்க பிள்ளைகளுக்கு வெசம் வெச்சது யாரு?”

“இந்தாம்மா, நாஞ் சொல்ல வர்றது என்னன்னா...”

பஞ்சம்மாள் தன் டம்ளரைக் குனிந்து பார்த்தாள். “இந்த மோருக்குத் தண்ணி எந்தத் தொட்டியில புடிச்சீக?” என்று கேட்டுவிட்டு, குடிக்காமல் மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் நின்றவளும் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் வைத்தாள். குடித்துவிட்டவர்கள் ஓரமாகப் போய்த் துப்பினார்கள். அவர் கை பட்டதை ஒருவரும் வாங்கவில்லை. அந்தக் காட்சியை நான் கண் நிறையப் பார்த்தேன். பாவம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. குளுதாடியில் மிதந்த களி மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது. விஜய்பாண்டி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, போனில் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு நடந்ததை நீட்ட வேண்டியதில்லை. பெற்றவர்கள் திரண்டு போனார்கள், மச்சினன் காண்ட்ராக்ட் போனது, மேலிடம் கூப்பிட்டு விசாரித்தது. அடுத்த தேர்தலுக்கு விஜய்பாண்டிதான் வேட்பாளர் என்று கட்சி சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தட்டை நீட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் ஊரில் ஒருவரும் எங்கள் வீட்டுப் படியேறி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனுசுயா வழியில் பார்த்தால், “மதினி, நல்லாருக்கீகளா?” என்று முன்னைவிடச் சத்தமாகக் கேட்டாள், அவ்வளவுதான். ஒன்றுமே நடக்காததுபோல நடந்துகொண்டால் நடக்கவில்லை என்றாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்கள். சேர்மன் மட்டும் வானத்திலிருந்தா குதித்தார்? அவரும் இதே மண்ணில் முளைத்தவர்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிவெயிலில், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்து, சுருளிராஜன் எங்கள் வீட்டுக்கு வந்தார். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். துண்டு இல்லை. முன்மண்டை வழுக்கையில் வியர்வை. அம்மா அப்போதுதான் கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்திருந்தாள். வாசல்வரை போய் நின்றாள், உட்காரச் சொல்லவில்லை.

அவர் இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்.

“ஆத்தா, நான் பேசுனது தப்பு. மன்னிச்சிரு.”

உண்மையாகவே சொன்னார். கண்ணிலும் ஈரம் இருந்தது, நான் வைக்காத ஈரம். இதற்காகத்தானே இத்தனையும் செய்தேன்? கேட்டதும் எனக்கு ஆத்திரம்தான் கூடியது. ஊரைக் கூட்டிப் பழி சொல்லிவிட்டு, ஊர் தூங்கும்போது வந்து திருப்பிக் கொடுக்கிறார்.

அம்மா அவர் தோளுக்கு மேலாக எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏ பஞ்சம்மா, கொஞ்சம் இங்கன வா. சேர்மன் வந்திருக்காக. எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறாக.”

பஞ்சம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். சேர்மன் சட்டென்று நிமிர்ந்தார்.

“இல்ல இல்ல. இந்தப் பக்கமா வந்தேன். சும்மா, எப்படி இருக்காகன்னு கேட்டுட்டுப் போலாம்னு.”

அடுத்த தேர்தலுக்கான சீட்டு போய்விட்டது, ஆள் போய்விட்டது, வாசலில் வரிசை போய்விட்டது. ஒரே ஒரு பஞ்சம்மாள் கேட்கிற தூரத்தில் வந்ததும் அவரால் முடியவில்லை. நான் எழுதிய பொய்யை அவரே வந்து உண்மையாக்கிவிட்டு, அதையும் இல்லை என்கிறார். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

பஞ்சம்மாள் போகிறவரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். எதுவும் நடக்காததுபோலப் படியேறி வந்து, அடுப்படிக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“கருவாட்டுக் கொழம்பா மதினி? வாசம் எங்க வீடு வரைக்கும் வருது. ரெண்டு வாய் போடேன்.”

அம்மா தட்டை எடுத்தாள், கழுவினாள், சோற்றை அள்ளினாள். கரண்டியைத் தட்டுக்கு மேலே நிறுத்திக்கொண்டாள்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல மண்ண வாரித் தூத்தி ஒண்ணு சொன்னியே பஞ்சம்மா. மொதல்ல அதுக்கு ஒரு வார்த்தை சொல்லு. பெறகு சோறு.”

பஞ்சம்மாள் தலை குனிந்து தரையையே பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் எழுந்துதான் போனாள், வாசல் வரைக்கும். தெருவைப் பார்த்து நின்றுகொண்டு, காட்டில் தூரத்தில் இருக்கிறவர்களைக் கூப்பிடுகிற அந்தப் பெரிய தொண்டையில் சொன்னாள்.

“தப்புத்தேன் மதினி. நான் உன்னச் சொன்னது தப்பு. என்ன மன்னிச்சிரு.”

எதிர்வரிசையில் இரண்டு கதவுகள் திறந்தன. தெருமுனையில் கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார். பஞ்சம்மாள் அவரைக் கவனிக்கவில்லை. உள்ளே வந்து, மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை உதறித் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். அம்மா சோற்றைப் போட்டாள்.